தோற்காத அணிக்கு ஆறாவது இடமா? ஏ.பி. வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) செய்தி நிறுவனத்தின் கல்லூரி ஃபுட்பால் தரவரிசைக்கு வாக்களிக்கும் செய்தியாளர்களுக்கும் ஒலிபரப்பாளர்களுக்கும்,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், கால்பந்து அல்ல) 2017 சீசனின் இறுதிப் பட்டியலைப் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. 2018 ஜனவரியில் நீங்கள் வெளியிட்ட பட்டியல் அது. பழைய கணக்கை ஏன் கிளறுகிறான் என்று நினைக்காதீர்கள். அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை. அப்போது வாக்களித்தவர்களில் சிலர் இன்றும் வாக்களிக்கிறீர்கள். புதிதாக வந்தவர்களும் அதே வழக்கத்தைத்தான் கையில் வாங்கியிருக்கிறீர்கள்.

அந்தப் பட்டியலுக்கு வாக்களித்தவர்கள் 61 பேர். 57 பேர் அலபாமாவுக்கு முதலிடம் கொடுத்தீர்கள். நான்கே பேர் யூ.சி.எஃப். என்று எழுதினார்கள். ஒர்லாண்டோவில் இருக்கும் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அணி அது. எல்லா வாக்குகளையும் கூட்டிப் பார்த்தபோது யூ.சி.எஃப்புக்குக் கிடைத்தது ஆறாவது இடம். அந்த ஆண்டு நாட்டின் முதல்தரப் பிரிவில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் சீசனை முடித்த அணி அது ஒன்றுதான். 13 ஆட்டம், 13 வெற்றி.

நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவன் அல்ல. சனிக்கிழமை வந்தால் கல்லூரி ஃபுட்பால் பார்க்காமல் இருக்க முடியாதவன், அவ்வளவுதான். அந்த ஜனவரியில் யூ.சி.எஃப். முதலிடத்துக்குத் தகுதியான அணி என்று அன்றே நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

1963இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ஃபுட்பால் ஆட ஆரம்பித்ததே 1979இல்தான், அதுவும் மூன்றாம் பிரிவில். 2015இல் அந்த அணி 12 ஆட்டம் ஆடி 12இலும் தோற்றது. அப்படிப்பட்ட அணியைத்தான் ஸ்காட் ஃபிராஸ்ட் பயிற்சியாளராக ஏற்றார். முதல் ஆண்டில் 6 வெற்றி, 7 தோல்வி. இரண்டாம் ஆண்டில் தோல்வியே இல்லை. சராசரியாக ஆட்டத்துக்கு 48 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகம் அதுதான். சீசன் தொடங்குமுன் நீங்கள் போட்ட முதல் 25 அணிகளில் அவர்கள் பெயர் இல்லை. அதில் தவறு சொல்ல மாட்டேன். முந்தைய ஆண்டின் 6-7ஐப் பார்த்து யாரும் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆகஸ்ட்டில் எங்கே தொடங்கினார்களோ அதன் நிழல் ஜனவரி வரை அவர்கள் மேல் விழுந்திருந்தது.

செப்டம்பரில் இர்மா புயல் வந்தது. ஜார்ஜியா டெக்குடன் நடக்க வேண்டிய ஆட்டம் ரத்தானது. பெரிய கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) அணி ஒன்றோடு மோதக் கிடைத்த வாய்ப்பு அப்படியே போயிற்று. பிறகு, "இவர்கள் பெரிய அணிகளோடு ஆடவில்லையே" என்ற பேச்சு கிளம்பியபோது அந்தப் புயலை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. மேரிலாந்துக்குப் போய் 38-10 என்று ஜெயித்தார்கள். அதே மேரிலாந்து மூன்று வாரத்துக்கு முன் டெக்சாஸை அதன் ஊரிலேயே தோற்கடித்திருந்தது. மெம்ஃபிஸை 40-13 என்று வென்றார்கள். பக்கத்து ஊர் எதிரியான தெற்கு ஃபுளோரிடாவுடன் நவம்பர் 24 அன்று நடந்ததை நான் மறக்க மாட்டேன். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் எதிரணி 42-42 என்று சமன் செய்தது. அடுத்த கிக்ஆஃபிலேயே யூ.சி.எஃப்பின் மைக் ஹியூஸ் பந்தைப் பிடித்து 95 கெஜம் ஓடி, எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து டச்டவுன் போட்டார். ஒரு வாரம் கழித்து கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் மெம்ஃபிஸ் மறுபடி எதிரே நின்றது. இரண்டு கூடுதல் நேரம் போய் 62-55 என்று முடிந்தது. அந்த டிசம்பர் வரை மெம்ஃபிஸ் தோற்ற ஆட்டங்கள் இரண்டே இரண்டு, இரண்டும் யூ.சி.எஃப்பிடம். பெரிய கான்ஃபரன்ஸ் அணியான யூ.சி.எல்.ஏ.வை வென்றிருந்த மெம்ஃபிஸ் அது. இதைச் சொத்தை எதிரணி என்று எப்படித் தள்ள முடியும்?

அந்த அணியின் தடுப்பாட்டத்தில் ஷகீம் கிரிஃபின் என்ற லைன்பேக்கர் இருந்தார். நான்கு வயதில் இடது கையை மணிக்கட்டோடு அகற்ற வேண்டிவந்தவர். ஒரு கையால் ஆளைப் பிடித்து வீழ்த்துகிற இளைஞர். அவரைப் பற்றி நீங்கள் எல்லோரும் உருக்கமாக எழுதினீர்கள். நானும் உருகிப் படித்தேன். ஆனால் அவர் ஆடிய அணியின் இடம் என்ன என்று கேட்டபோது உங்கள் பேனா வேறு மாதிரி எழுதிற்று.

இனி ஆபர்ன் கதைக்கு வருகிறேன். முழு வழக்கும் இங்கேதான் நிற்கிறது.

நவம்பர் 11 அன்று ஆபர்ன் அணி ஜார்ஜியாவை 40-17 என்று தோற்கடித்தது. நவம்பர் 25 அன்று அலபாமாவை 26-14 என்று தோற்கடித்தது. டிசம்பர் 2 அன்று, மூன்று அணிகளும் சேர்ந்த எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸின் இறுதியில் ஜார்ஜியா 28-7 என்று பழி தீர்த்துக்கொண்டது. மறுநாள், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு தன் பட்டியலை வெளியிட்டது. அலபாமா தன் கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்துக்கே வராத அணி. ஆனாலும் நாலாவது இடம் கொடுத்து அதை உள்ளே எடுத்தார்கள். மூன்று தோல்வி கண்ட ஆபர்னுக்கு ஏழாவது இடம். தோல்வியே இல்லாத யூ.சி.எஃப்புக்கு பன்னிரண்டாவது இடம்.

2018 ஜனவரி 1 அன்று அட்லாண்டாவில், பீச் பவுல் என்ற சீசன் முடிவுச் சிறப்பாட்டத்தில், அந்த ஏழும் பன்னிரண்டும் மோதின. 34-27, யூ.சி.எஃப். ஜெயித்தது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மெக்கென்சி மில்டன் எறிந்து இரண்டு டச்டவுன், ஓடி ஒன்று என்று ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போனார். கிரிஃபின் 12 பேரை வீழ்த்தினார். பயிற்சியாளர் ஃபிராஸ்ட் அதற்குள் நெப்ராஸ்காவின் வேலையை ஒப்புக்கொண்டிருந்தார். இருந்தும் பையன்களை விட்டுவிட்டுப் போகாமல் அந்த ஆட்டத்தையும் நடத்திக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 8 அன்று, அதே அரங்கத்தில் அலபாமாவும் ஜார்ஜியாவும் தேசிய இறுதி ஆட்டம் ஆடின. இறுதிக்கு வந்த இரண்டு அணிகளையும் வீழ்த்திய அணி எதுவோ, அதைத்தான் யூ.சி.எஃப். ஏழு நாள் முன்பு அதே மைதானத்தில் வீழ்த்தியிருந்தது.

'அ' அணி 'ஆ'வை வென்றது, 'ஆ' 'இ'யை வென்றது, ஆகவே 'அ' 'இ'யை விடப் பெரியது என்று கணக்குப் போட முடியாது என்பீர்கள். சரிதான். அந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் ஆபர்னை எல்.எஸ்.யூ.வும் (லூசியானா ஸ்டேட்) கிளெம்சனும்கூட வென்றிருக்கின்றன, கணக்கு எங்கோ போய்விடும். சங்கிலியை நான் தீர்ப்பாகக் கொண்டுவரவில்லை. அலபாமாவும் யூ.சி.எஃப்பும் அந்த ஆண்டு சந்தித்த பொது எதிரணி ஆபர்ன் ஒன்றுதான். அங்கே ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது. இரண்டையும் ஒப்பிடக் கையில் இருந்த ஒரே நேரடிச் சாட்சி அது. நீங்கள் அதை எடைபோட்டு ஒதுக்கியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். எடையே போடவில்லை என்பதற்கு அந்த ஆறாவது இடம்தான் அத்தாட்சி.

யூ.சி.எஃப்புக்கு மேலே யாரை வைத்தீர்கள் என்று பாருங்கள். அலபாமா 13-1, அது ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டாவது ஜார்ஜியா, மூன்றாவது ஒக்லஹோமா, நான்காவது கிளெம்சன், ஐந்தாவது ஒஹையோ ஸ்டேட். நான்கும் தலா இரண்டு தோல்வி கண்டவை. கிளெம்சன் தோற்றது சிராக்யூஸிடம், அந்த ஆண்டை 4-8 என்று முடித்த சிராக்யூஸிடம். ஒக்லஹோமா சொந்த ஊரில் அயோவா ஸ்டேட்டிடம் தோற்றது. ஒஹையோ ஸ்டேட் அயோவாவிடம் 55-24 என்று சிதறிப்போனது. "அலபாமா சாம்பியன், அதனால் முதலிடம்" என்ற வாதம் ஒரே ஓர் இடத்தைத்தான் விளக்கும். மற்ற நான்கு இடங்களை அது விளக்காது. அங்கே வேலை செய்தது அந்த அணிகளின் பெயரும் கான்ஃபரன்ஸும்தான்.

யூ.சி.எஃப்பின் எதிரணிகள் மொத்தத்தில் பலவீனமானவை என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அவர்கள் கான்ஃபரன்ஸில் கனெக்டிகட்டும் இருந்தது, ஈஸ்ட் கரோலினாவும் இருந்தது. கீழ்ப்பிரிவைச் சேர்ந்த ஆஸ்டின் பீயுடனும் ஓர் ஆட்டம் ஆடினார்கள். அலபாமாவும் ஆபர்னைச் சந்திக்க ஒரு வாரம் முன்னால் கீழ்ப்பிரிவு மெர்சரை வரவழைத்து 56-0 என்று ஜெயித்தது, அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடும் ஆட்டங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தமாகிவிடுகின்றன. சின்ன கான்ஃபரன்ஸ் அணி ஒன்று நன்றாக ஆடத் தொடங்கியதும் பெரிய பல்கலைக்கழகங்கள் அதன் ஊருக்கு வந்து ஆட ஒப்புவதில்லை. ஜெயித்தால் பெயர் இல்லை, தோற்றால் அவமானம், எதற்கு வம்பு என்று விலகிவிடுகிறார்கள். பரீட்சை அறைக் கதவைச் சாத்திவிட்டு, பரீட்சை எழுதவில்லையே என்று மதிப்பெண் குறைப்பதற்கு ஒப்பானது இது.

உங்கள் பட்டியலே இதற்கு மாறாக ஒரு காலத்தில் நடந்திருக்கிறது. 1984இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 13-0. மேற்கத்திய தடகள கான்ஃபரன்ஸ் என்ற சின்ன கான்ஃபரன்ஸைச் சேர்ந்த அணி. கடைசி ஆட்டத்தில் அவர்கள் வென்றது 6-5 என்று தடுமாறிக்கொண்டிருந்த மிச்சிகனை, 24-17 என்று. நாட்டில் தோற்காத அணி வேறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் முன்னோர்கள் அவர்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். அன்றும் எதிரணிகள் பலவீனம் என்ற கூச்சல் இருந்தது. அதைத் தாண்டித்தான் வாக்களித்தார்கள். 2017இல் யூ.சி.எஃப். அதே நிலையில் நின்றது. கடைசியில் வென்றதோ தேர்வுக் குழு ஏழாவதாக மதித்த அணியை. 1984இல் போதுமானதாக இருந்த ஒன்று 2017இல் ஏன் போதவில்லை?

நடுவில் நடந்ததையும் நினைவூட்டுகிறேன். 1998இல் டுலேன் 12-0, உங்கள் பட்டியலில் ஏழாவது. 1999இல் மார்ஷல் 13-0, பத்தாவது. 2006இல் பாய்ஸி ஸ்டேட் ஒக்லஹோமாவை 43-42 என்று வென்று 13-0 ஆனது, ஐந்தாவது. 2008இல் யூட்டா 13-0, சுகர் பவுலில் அலபாமாவையே 31-17 என்று வென்றது. அன்று உங்களில் 16 பேர் யூட்டாவுக்கு முதலிடம் கொடுத்தார்கள், இரண்டாம் இடம் கிடைத்தது. 2010இல் டி.சி.யூ. (டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்) ரோஸ் பவுலில் விஸ்கான்சினை வென்றது, அதற்கும் இரண்டாம் இடம். இந்த வரிசையில் யூட்டாவையும் டி.சி.யூ.வையும் பார்த்தபோது கதவு மெல்லத் திறக்கிறது என்று நம்பினேன். 2017இல் அதை மறுபடி இழுத்துச் சாத்தினீர்கள்.

ஆபர்ன் அணிக்கு பீச் பவுலில் மனமே இல்லை, அதனால்தான் தோற்றது என்று சிலர் எழுதினார்கள். இதே சமாதானத்தை 2009 ஜனவரியில் யூட்டாவிடம் தோற்ற அலபாமாவுக்கும் சொன்னார்கள். பெரிய அணி ஜெயித்தால் அது திறமை, தோற்றால் மனமில்லை என்று வைத்துக்கொண்டால் சின்ன அணி எதை நிரூபித்தும் பயனில்லை. ஆபர்ன் கடைசி வரை போராடியது. சமன் செய்ய வந்து, கடைசி நொடிகளில் எறிந்த பந்தை டச்டவுன் எல்லைப் பகுதியான எண்ட்சோனில் யூ.சி.எஃப். பறித்த பிறகுதான் ஆட்டம் முடிந்தது. மனமில்லாதவர்கள் அப்படி ஆட மாட்டார்கள்.

அலபாமாவை நான் சிறுமைப்படுத்தவில்லை. அரையிறுதியில் கிளெம்சனை 24-6 என்று அடக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் 0-13 என்று பின்தங்கி இருந்தபோது நிக் சேபன் தன் குவார்ட்டர்பேக்கை மாற்றினார். முதலாண்டு மாணவர் துவா டகோவைலோவா வந்தார். கூடுதல் நேரத்தில் டெவான்டா ஸ்மித்துக்கு 41 கெஜத்துக்குப் பந்தை எறிந்து 26-23 என்று முடித்தார். அந்த இரண்டு வெற்றிகளும் யூ.சி.எஃப்பின் எந்த வெற்றியையும் விடப் பெரியவை. ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களையும் ஆடுகிற உரிமையை ஒரு குழு மேசையில் உட்கார்ந்து அலபாமாவுக்குக் கொடுத்தது. யூ.சி.எஃப்புக்கு யாரும் கொடுக்கவில்லை. குழு தந்த வாய்ப்பில் கிடைத்த வெற்றியைக் காட்டி, வாய்ப்பே கிடைக்காதவனைக் கீழே தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

இங்கே ஒரு பழைய வரலாறு. 1966இல் அலபாமா எல்லா ஆட்டங்களையும் ஜெயித்தது, தோல்வியும் இல்லை, சமனும் இல்லை. உங்கள் பட்டியலில் அதற்குக் கிடைத்தது மூன்றாவது இடம். தங்களுக்குள் 10-10 என்று சமன் செய்துகொண்ட நோட்டர் டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் மேலே இருந்தன. அந்த வருத்தம் அலபாமாவில் இன்னும் தீரவில்லை. யூ.சி.எஃப். 2017க்கு தானே சாம்பியன் என்று அறிவித்து, டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் போனபோது சிலர் கேலி செய்தார்கள். அலபாமாவும் 1941க்கு ஒரு தேசியப் பட்டத்தைக் கணக்கில் வைத்திருக்கிறது. அந்த ஆண்டு ஏ.பி. பட்டியலில் அதன் இடம் இருபது. யூ.சி.எஃப்பின் உரிமைக்கு அதைவிடப் பலமான ஆதாரம் உண்டு. வானியற்பியலாளர் வெஸ் காலி உருவாக்கிய காலி மேட்ரிக்ஸ் என்ற கணினித் தரவரிசை அவர்களுக்கு முதலிடம் கொடுத்தது. யார் யாரை வென்றார்கள் என்பதை மட்டும் பார்க்கும் கணக்கு அது. சட்டையின் நிறம் அதற்குத் தெரியாது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் பதிவேட்டிலும் அது இடம்பெற்றிருக்கிறது.

தேர்வுக் குழுவுக்கு இந்த மடலை நான் எழுதவில்லை. அவர்களுக்கு நான்கு இடம் நிரப்ப வேண்டிய கட்டாயம், தொலைக்காட்சி, கான்ஃபரன்ஸ்கள், எல்லாம் தலைமேல். உங்களுக்கு அந்தக் கட்டு ஏதும் இல்லை. 2003இல் எல்.எஸ்.யூ. அன்றைய சாம்பியன்ஷிப் முறையான பி.சி.எஸ்.ஸின் இறுதியில் ஜெயித்தபோது, ஒப்பந்தத்தால் கட்டுண்ட பயிற்சியாளர்களின் பட்டியல் எல்.எஸ்.யூ.வை முதலில் வைத்தது. நீங்கள் யூ.எஸ்.சி.யை (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வைத்தீர்கள். 2004 இறுதியில் உங்கள் பட்டியலைத் தங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பி.சி.எஸ்.ஸிடமே சொல்லி வெளியே வந்தீர்கள். எனக்கு உங்கள் மேல் மதிப்பு வந்ததே அப்போதுதான். அப்படிச் சுதந்திரத்தைக் கேட்டு வாங்கியவர்கள், 2018 ஜனவரியில் குழு நடத்திய ஆட்டத்தின் முடிவை அப்படியே நகலெடுத்தது ஏன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நான்கு பேர் மட்டும் தனித்து நின்றார்கள். அவர்கள் வாங்கிய ஏச்சும் கொஞ்சமல்ல. அவர்களுக்கு என் நன்றி.

அதன் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. 2018இலும் யூ.சி.எஃப். கான்ஃபரன்ஸ் பட்டத்தோடு 12-0 என்று வந்தது, குழு கொடுத்தது எட்டாவது இடம். நவம்பரில் மில்டனின் முழங்கால் மூட்டு விலகி மோசமாகக் காயமடைந்தது. அவர் இல்லாமல் ஃபியஸ்டா பவுலில் எல்.எஸ்.யூ.விடம் 40-32 என்று தோற்றார்கள். 25 ஆட்டத் தொடர் வெற்றி அங்கே நின்றது. 2021இல் சின்சின்னாட்டி சின்ன கான்ஃபரன்ஸ் ஒன்றிலிருந்து பிளேஆஃபுக்குள் நுழைந்த முதல் அணியானது. 2023இல் யூ.சி.எஃப்பே பிக் 12 என்ற பெரிய கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. 2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள், அதில் சின்ன கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஒருவருக்காவது இடம் உறுதி. பிரச்சினை தீர்ந்துவிட்டதே என்பீர்கள். குழுவின் பிரச்சினை ஓரளவு தீர்ந்தது. ஆகஸ்ட்டில் பழைய பெயர்களை மேலே வைத்து, அவை தோற்றால் நாலு படி, மற்றவர்கள் தோற்றால் பதினாலு படி இறக்குகிற உங்கள் வழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

அலபாமாவின் கோப்பையைப் பறிக்கச் சொல்லவில்லை. 2003இல் ஒரே ஆண்டுக்கு இரண்டு சாம்பியன்கள் இருந்தார்கள், வானம் இடிந்து விழவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த 57 பேரில் இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள், உங்கள் பத்தியில் ஒரு நாள், முதலிடத்தை விடுங்கள், இரண்டு தோல்வி கண்டதில் ஒன்றில் எதிரணிக்கு 55 புள்ளி விட்டுக்கொடுத்த ஒஹையோ ஸ்டேட்டை எந்தக் காரணத்துக்காக யூ.சி.எஃப்புக்கு மேலே எழுதினீர்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள். காரணம் பலமாக இருந்தால் ஒப்புக்கொள்ள நான் தயார். இப்போது வாக்குச் சீட்டு வைத்திருக்கும் மற்றவர்கள், அடுத்த முறை ஒரு சின்ன கான்ஃபரன்ஸ் அணி தோற்காமல் ஜனவரிக்கு வந்தால், சட்டையிலிருக்கும் பெயரை மறைத்துவிட்டு 13 ஆட்டங்களின் முடிவை மட்டும் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு வாக்களியுங்கள்.

மரியாதையுடன்,
கல்லூரி ஃபுட்பால் ரசிகன் ஒருவன்